நூற்று இருபத்தொன்பதாம் இடத்து வீரர்



டெனிஸ் வீரர்கள் சிலரின் பெயரைச் சொல்லுங்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெடரர், நடால், ஜோகோவிச், செரீனா வில்லியம்ஸ் என்று நான்கைந்து பெயர்களை மளமளவென்று சொல்லிவிடுவார்கள். வெண்ணிற உடை, பச்சைப் புற்றரை, உயர்த்திய கையில் பளபளக்கும் கிண்ணம், கோடிக்கணக்கில் பணம். தொலைக்காட்சி நம் வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டும் டெனிஸ் இவ்வளவுதான். "நம்முடைய மகனையும் சின்ன வயதிலேயே ஒரு விளையாட்டில் சேர்த்துவிட்டால் என்ன?" என்ற ஆசை சில உம்மாமாரின் உள்ளத்தில் துளிர்ப்பதும் இக்காட்சிகளைப் பார்த்துத்தான். அந்த ஆசையில் தவறேதுமில்லை. ஆனால் அக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும், அவர்களுக்காகச் செலவழித்த குடும்பங்களையும் எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை.

அவர்களுள் ஒருவரைத்தான் இங்கே உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் கொனர் நைலன்ட். அயர்லாந்து நாட்டவர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். டெனிஸைத் தொடர்ந்து பார்ப்பவர்களில் கூடப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உலகத் தரப்படுத்தலில் அவர் 129 ஆவது இடத்தை அடைந்தார். அவர் எட்டிய உச்சம் அதுதான்.

நூற்று இருபத்தொன்பது என்றதும் "அவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். சற்று நிதானித்துப் பாருங்கள். உலகிலுள்ள இருதய வைத்தியர்கள் அனைவரையும் திறமைப்படி வரிசையாக நிறுத்தி, அதில் ஒருவருக்கு 129 ஆவது இடம் கிடைத்தால் அவரைத் தேடி நாடு நாடாக நோயாளிகள் வரமாட்டார்களா? எந்தத் தொழிலிலும் அந்த இடம் மகத்தான இடம். டெனிஸில் மட்டும் அது வாசற்படிக்கு வெளியே உள்ள இடம். ஏன் தெரியுமா? விம்பிள்டன் போன்ற நான்கு பெரும் போட்டிகளில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் விளையாடுவோர் 128 பேர். அவர்களில் ஏறக்குறைய 104 பேர் தரப்படுத்தலின்படி நேரடியாக நுழைகின்றனர். 16 பேர் தகுதிகாண் சுற்றில் வென்று வரவேண்டும். மீதி எட்டு இடங்களும் போட்டியை நடத்துவோர் தாம் விரும்பியவர்களுக்குக் கொடுக்கும் சிறப்பு அனுமதி. பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளே இப்போட்டிகளை நடத்துகின்றன. எனவே அந்தச் சலுகை பெரும்பாலும் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேருகிறது. அயர்லாந்துக்காரருக்கு அப்படி ஒரு தாய்வீடு கிடையாது.

கொனர் நைலன்ட் 1981 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அயர்லாந்தின் லிமெரிக் நகரில் வளர்ந்தவர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் சுவிட்ஸர்லாந்தில் பிறந்தவர் ரொஜர் பெடரர். இருவருக்கும் வயது வித்தியாசம் ஆறு வாரங்கள். நைலன்ட் சிறு வயதிலேயே அயர்லாந்தில் முன்னணி வீரராகப் பேரெடுத்தார். இங்கிலாந்தில் படித்தார். புளோரிடாவிலுள்ள பிரபலமான பொலிட்டியேரி பயிற்சிக் கழகத்தில், அப்போது சிறுமியாக இருந்த செரீனா வில்லியம்ஸுடன் பந்தடித்தும் பழகினார். பின்பு அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். அதன் பிறகு, 2005 இல், இருபத்து நான்கு வயதளவில்தான் முழுநேரத் தொழில்முறை வீரரானார். அந்த ஆண்டு முடியும்போது பெடரரின் அலுமாரியில் ஆறு பெரும் போட்டிகளின் கிண்ணங்கள் இருந்தன.

படிப்பை முடித்த பின் விளையாடப் போன முடிவை நான் மெச்சுகிறேன். பிள்ளையின் பதினைந்து வயதில் பாடசாலையை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் டெனிஸ் உலகில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதில் முழங்கால் தேய்ந்தால், கையில் ரக்கெட்டைத் தவிர வேறெதுவும் இராது.

வரவும் செலவும்

வீட்டுக் கணக்கை நடத்துபவர்கள் நீங்கள். ஆகவே இந்தத் தொழிலின் கணக்கை உங்களிடமே சொல்கிறேன்.

கிரிக்கெட் அணியிலோ காற்பந்துக் கழகத்திலோ சேர்ந்த ஒருவருக்குச் சம்பளம் உண்டு. பயணச் செலவைக் கழகம் பார்த்துக்கொள்ளும். காயமடைந்து படுத்தாலும் ஒப்பந்தக் காலம் வரை காசு வரும். டெனிஸ் வீரர் எவருக்கும் உத்தியோகத்தர் அல்லர். தலையில் துணிமூட்டையைச் சுமந்து ஊர் ஊராகத் திரியும் புடைவை வியாபாரியைப் போன்றவர். முதலும் அவருடையது, நட்டமும் அவருடையது. விமானச் சீட்டு, ஹோட்டல் அறை, சாப்பாடு, ரக்கெட்டுக்குக் கட்டும் நரம்பு, சப்பாத்து, உடுப்புக் கழுவும் கூலி, பயிற்றுநரின் சம்பளம் எல்லாம் அவர் சட்டைப் பையிலிருந்தே போகவேண்டும்.

டெனிஸ் உலகில் மூன்று தட்டுகள் உள்ளன. மேல் தட்டில் நாம் தொலைக்காட்சியில் காணும் பெரும் போட்டிகள். நடுத்தட்டில் சலஞ்சர் என்ற போட்டிகள். அடித்தட்டில் அக்காலத்தில் பியூச்சர்ஸ் என்றழைக்கப்பட்ட சிறு போட்டிகள். பியூச்சர்ஸ் என்றால் எதிர்காலம் என்று பொருள். பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவைக்காரராக இருந்திருக்க வேண்டும்! நைலன்ட் ஆடவந்த காலத்தில் பத்தாயிரம் டொலர் பியூச்சர்ஸ் போட்டியொன்றில் முதற் சுற்றில் தோற்றவர் பெற்ற தொகை 117 டொலர் 50 சதம். 2019 இல் பதினையாயிரம் டொலர் போட்டியில் அத்தொகை 156 டொலர். பல நாடுகளில் அதிலிருந்து வரியும் கழிக்கப்படும். அந்த ஒரு ஆட்டத்துக்காக அவர் கடல் கடந்து வந்திருப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீடு திரும்பும் விமானச் சீட்டை முன்கூட்டியே மலிவாக எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை தோற்றால் செவ்வாய்க்கிழமை புறப்படலாம். வென்றுகொண்டே போனால் ஞாயிறு வரை தங்கவேண்டும். எந்தக் கிழமை தோற்போம் என்று யாருக்குத் தெரியும்? தோற்றவர் அடுத்த வாரப் போட்டி தொடங்கும் வரை ஒரு சிறு நகரத்தின் மலிவான அறையில் தனியே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார். உடன் தங்கியிருப்பவர்களும் போட்டியாளர்களே. இன்று உணவு மேசையில் எதிரே இருப்பவர் நாளை மைதானத்தில் எதிரே நிற்பார். நட்பு வேர்விடுவது அரிது. இத்தனிமையைப் பற்றி நைலன்ட் பின்னாளில் நிறையவே எழுதியிருக்கிறார்.

சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2013 ஆம் ஆண்டின் கணக்கை ஆராய்ந்து பார்த்தது. அவ்வாண்டில் தொழில்முறைப் போட்டிகளில் பங்குபற்றியோர் ஏறக்குறைய 14,000 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பரிசுப் பணமாக ஒரு சதமும் பெறவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் ஆடுவதற்கு ஆணுக்குச் சராசரியாக 38,800 டொலரும், பெண்ணுக்கு 40,180 டொலரும் செலவாயின. பயிற்றுநரின் சம்பளம் இதில் சேரவில்லை. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336 ஆவது, பெண்களில் 253 ஆவது. அதற்குக் கீழே நின்றவர்கள் உழைத்து உழைத்துக் கடன்பட்டவர்கள். அக்கடனை அடைத்தவர்கள் யார்? பெரும்பாலும் வாப்பாவின் சம்பளமும் உம்மாவின் சேமிப்பும்தான். உலகில் எந்த மொழி பேசும் வீடானாலும் இந்தக் கதை ஒன்றுதான் போலும்.

தரப்படுத்தலின் இயல்பையும் சொல்லவேண்டும். ஒரு வீரர் பெற்ற புள்ளிகள் ஐம்பத்திரண்டு வாரங்களுக்கே செல்லுபடியாகும். ஓராண்டு கழிந்ததும் அவை தாமாகவே கழன்று விழும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் வென்றதை இவ்வாண்டும் வெல்லாவிட்டால் ஏணியில் ஒரு படி சறுக்க வேண்டியதுதான். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் கல்யாணம் வந்தாலும், மையித்து வந்தாலும் கணக்கு நிற்பதில்லை.

இரண்டு மாதங்களில் இரண்டு நாட்கள்

இவ்வளவு பாடுபட்டவருக்கு வாசல் ஒருநாள் திறக்கவே செய்தது. 2011 ஜூன் மாதம் விம்பிள்டன் தகுதிகாண் சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வென்று நைலன்ட் பிரதான போட்டிக்குள் நுழைந்தார். அயர்லாந்து ஆண்கள் எவரும் முப்பது ஆண்டுகளாகக் காணாத இடம் அது. முதற் சுற்றில் அவருக்கு எதிராளி பிரான்ஸ் நாட்டின் அட்ரியன் மன்னரினோ. அந்த ஆட்டத்தில் வெல்பவருக்கு அடுத்த சுற்றில் காத்திருந்தவர் வேறு யாருமல்லர், ரொஜர் பெடரர்!

ஆட்டம் ஐந்தாவது செட் வரை நீண்டது. அந்தக் கடைசி செட்டில் நைலன்ட் நான்குக்கு ஒன்று என முன்னணியில் இருந்தார். ஆறு கேம்களை முதலில் எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவைப்பட்டவை இன்னும் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் கடந்திருந்தால் ஆறு வாரம் மூத்த தன் வயதுக்காரருடன் உலகமே பார்க்க ஆடியிருப்பார். அடுத்து வந்த ஐந்து கேம்களையும் அவர் தொடர்ச்சியாக இழந்தார். மன்னரினோ பெடரருடன் மத்திய அரங்கில் ஆடப் போனார். முதற் சுற்றில் தோற்றவருக்குரிய 11,500 பவுணை நைலன்ட் பெற்றுக்கொண்டார். கீழ்த்தட்டு வீரருக்கு அது பெருந்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு அவர் எண்ணிப் பார்த்தது பவுண்களையா, அந்த இரண்டு கேம்களையா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இரண்டு மாதங்களின் பின் நியூயோர்க்கில் நடைபெறும் அமெரிக்க பகிரங்கப் போட்டிக்கும் அவர் தகுதி பெற்றார். இம்முறை முதற் சுற்றிலேயே உலகின் முதல் நிலை வீரர் நொவாக் ஜோகோவிச்சுடன், உலகின் மிகப் பெரிய டெனிஸ் அரங்கில் ஆடும் வாய்ப்பு. வாழ்நாள் முழுதும் காத்திருந்த மேடை. ஆட்டத்துக்கு முன்பு சாப்பிட்ட ஏதோ ஓர் உணவு அவருக்கு நஞ்சாகிவிட்டது. வயிற்றில் ஒன்றும் தங்காத நிலையில் மைதானத்துக்குள் வந்தார். முதல் செட்டில் ஒரு கேம் கூட எடுக்கவில்லை. இரண்டாவது செட்டில் ஐந்துக்கு ஒன்று என இருக்கும்போது, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில், இனி முடியாது என்று கை கொடுத்து விடைபெற்றார். பார்வையாளர்களுக்கு அது சப்பென்று முடிந்த ஓர் ஆட்டம். ஜோகோவிச் அப்போட்டியில் கிண்ணத்தையும் வென்றார்.

மறு ஆண்டு, 2012 இல், இடுப்பு மூட்டுக் காயம் காரணமாக நைலன்ட் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். வயது முப்பது.

சகோதரிகளே, மக்கள் விரும்பிக் கேட்கும் கதை இதுவல்ல என்பது எனக்குத் தெரியும். மக்கள் விரும்பும் கதை மார்க்கஸ் வில்லிஸின் கதை. அதுவும் உண்மைக் கதைதான். 2016 இல் இந்தப் பிரித்தானிய வீரரின் தரம் 772. பெற்றோர் வீட்டில் தங்கி, சிறுவர்களுக்கும் வயோதிபர்களுக்கும் மணிக்கூலிக்கு டெனிஸ் கற்பித்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டில் அதுவரை பரிசாகக் கிடைத்தது 300 பவுணைக் கூட எட்டவில்லை. விளையாட்டை விட்டுவிட்டு அமெரிக்காவில் பயிற்றுநர் வேலைக்குப் போக இருந்தவரை, பின்னாளில் அவருடைய மனைவியான பல் வைத்தியப் பெண்தான் தடுத்து நிறுத்தினார். பிரித்தானிய வீரர்களுக்கென நடந்த முன்தகுதிப் போட்டியில் கடைசி ஆளாக இடம் பிடித்து, அங்கே மூன்று, தகுதிகாண் சுற்றில் மூன்று, பிரதான போட்டியில் ஒன்று என ஏழு ஆட்டங்களை வென்று, மத்திய அரங்கில் பெடரரின் முன் நின்றார். தோற்றார். என்றாலும் 50,000 பவுண் கிடைத்தது. பத்திரிகைகள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின.

அந்தப் பத்து நாட்களைப் போல் மற்றுமொரு பத்து நாட்கள் ஒற்றையர் ஆட்டத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. 2021 இல் ஓய்வை அறிவித்தார். பின்பு இரட்டையர் ஆட்டக்காரராகத் திரும்பி வந்தார். அதைப் பத்திரிகைகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வில்லிஸுக்கு அந்த முன்தகுதி வாசல் திறந்தது அவர் பிரித்தானியர் என்பதால். லிமெரிக் பிள்ளைக்கு அந்த வாசல் இருக்கவில்லை.

இருட்டில் நடக்கும் வியாபாரம்

சூதாட்டம் ஹராம் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதன் நச்சு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. இருபது பேர் கூடப் பார்க்க வராத அடித்தட்டு ஆட்டத்தின் புள்ளிகளையும் கணினி வழியாக உடனுக்குடன் பந்தயக் கம்பனிகளுக்கு விற்கும் வழக்கம் 2012 முதல் ஏற்பட்டது. மைதானத்தில் ஆடுபவருக்கு 156 டொலர். அவர் மீது தூர தேசத்தில் யாரோ ஒருவன் பல்லாயிரம் டொலர் பந்தயம் கட்டுகிறான். "ஒரே ஒரு செட்டை விட்டுக்கொடு, உன் ஒரு மாதச் செலவை நான் தருகிறேன்" என்று ஒருவன் வந்தால், ஹோட்டல் வாடகைக்கு வழியில்லாத இளைஞனின் மனம் என்ன பாடுபடும்? 2018 இல் வெளியான சுயாதீன விசாரணைக் குழுவின் அறிக்கைக்காக 3,200 வீரர், வீராங்கனைகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 464 பேர் ஆட்ட நிர்ணய மோசடியைத் தாம் நேரடியாக அறிந்திருப்பதாகக் கூறினர். கீழ்த்தட்டுப் போட்டிகளில் இது சுனாமி போல் பெருகியிருப்பதாக அக்குழு எச்சரித்தது. இலஞ்சம் வாங்கியவனை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் வறுமையை ஒரு பக்கமும் சூதாட்டப் பணத்தை மறுபக்கமும் வைத்து நடுவில் ஓர் இளைஞனை நிறுத்தியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

தோற்றவர்களுக்கு வந்து சேரும் வசைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 ஆம் ஆண்டில் மாத்திரம் 458 டெனிஸ் வீரர், வீராங்கனைகள் இணையத்தில் ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகினர். அவற்றில் 40 வீதமானவை பந்தயத்தில் பணத்தை இழந்தவர்கள் அனுப்பியவை. ஊர் பேர் தெரியாத நகரத்தில் தோற்றுப்போய் அறைக்குத் திரும்பும் பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளையின் தொலைபேசியைத் திறந்தால், அவளைப் பெற்ற தாயையே இழுத்துத் திட்டும் செய்திகள்!

நிலைமை சற்று மாறி வருகிறது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 2024 முதல் ஆண்கள் டெனிஸ் நிர்வாகம் ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டத்தைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 2024 இல் முதல் நூறு பேருக்குள் இருந்தவரின் ஆண்டு வருமானம் 300,000 டொலருக்குக் குறைந்தால் குறைவதை நிர்வாகம் ஈடுசெய்தது. அவ்வாண்டில் 101 முதல் 175 வரை இருந்தவருக்கு 150,000 டொலர். 250 வரை இருந்தவருக்கு 75,000 டொலர். 129 ஆவது இடத்தில் நின்ற நைலன்ட் பதினான்கு ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால்! 2011 இல் முதற் சுற்றில் தோற்றவருக்கு 11,500 பவுண் கொடுத்த விம்பிள்டன், 2025 இல் 66,000 பவுண் கொடுத்தது. ஆயினும் 250 ஆம் இடத்துக்குக் கீழே நிற்கும் பெருங்கூட்டத்துக்கு இவற்றால் விமோசனம் இல்லை.

பெண்கள் டெனிஸ் சங்கமும் 2025 மார்ச் மாதத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்தின் உதவியுடன், பிள்ளை பெறும் வீராங்கனைகளுக்குப் பன்னிரண்டு மாதங்கள் வரை கொடுப்பனவுடன் கூடிய பிரசவ விடுமுறை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதற்குத் தகுதி பெற்றனர். அதுவரை, எவருக்கும் உத்தியோகத்தர் அல்லாத அப்பெண்களுக்குக் குழந்தை பிறந்தால் வருமானம் நின்றுவிடும். வீட்டில் இருந்து தைத்தும் பலகாரம் செய்து விற்றும் குடும்பத்தைத் தாங்கும் நம் சகோதரிகளுக்கு அது எப்படிப்பட்ட நிலை என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

நைலன்ட் பின்னர் டேவிஸ் கிண்ணப் போட்டிகளில் அயர்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி வழிநடத்தினார். பேர்க்லியில் அவர் கற்ற இலக்கியமும் வீண் போகவில்லை. நூற்றுக்கு வெளியே நின்ற அவ்வாழ்க்கையை, தோல்விகளையும் தனிமையையும் ஒளிக்காமல் 2024 இல் ஒரு நூலாக எழுதினார். "த ரக்கெட்" என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விளையாட்டுக் கருவி என்றும், ஏமாற்று வியாபாரம் என்றும் இரு பொருள் உண்டு. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு நூலுக்காகப் பிரித்தானியாவில் வழங்கப்படும் வில்லியம் ஹில் விருது அதற்குக் கிடைத்தது. பரிசுத்தொகை 30,000 பவுண். விம்பிள்டனில் ஐந்து செட் ஆடியதற்குக் கிடைத்ததைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். வில்லியம் ஹில் என்பது ஒரு பந்தயக் கம்பனியின் பெயர்.